புன்னையைப் புன்னையாகவே வரையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் குழந்தைகளின் படக்கதைகள் பலவற்றில் மரம் என்றாலே பாடம்தான்: நிழல் தரும், கனி தரும், வெட்டாதே. நற்றிணையின் 172-ஆம் பாடலில் அந்தக் கணக்கே இல்லை. ஒரு பெண்ணும் தோழிகளும் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்த புன்னை விதை முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்த இது உங்கள் தங்கை என்கிறாள் அம்மா. அப்புறம் அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவே அந்தப் பெண்ணுக்குக் கூச்சம்! எவ்வளவு இயல்பான உறவு.

சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ், மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைக் கறுப்புத் தாளில் அச்சிட்டு உலகமே பார்க்க வைத்தது. இந்தப் புன்னையையும் யாராவது படக்கதையாக்குங்கள். பளபளக்கும் தடித்த இலை, நடுவே மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ என்று வரையுங்கள், வெறும் பச்சை உருண்டையாக வேண்டாம்.

– வாசகி, நாகப்பட்டினம்