குதிரைக் கொட்டிலும் குருவிக் கூடும்

ஒட்டுசுட்டான்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். சிறுபோகம் வெட்டத் தொடங்கிவிட்டோம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் வந்ததால் கதிர் பரவாயில்லை. மனுசிக்கு முழங்கால் நோ பழையபடிதான். மற்றப் புதினங்கள் பிறகு. கனடாவில் நீ வேலை செய்கிற குதிரைக் கொட்டிலில் இருக்கிற குருவிக் கூடுகளையெல்லாம் உன்ர முதலாளி தட்டி விழுத்தச் சொல்லுகிறார் என்று எழுதியிருந்தாய். அதைக் கொஞ்சம் பொறு.

குதிரை இரவிரவாகக் காலை உதைக்கிறது, சுவரில் உரஞ்சுகிறது, பகலில் மிருக வைத்தியர் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை, உனக்கும் கையில் சிவந்த தடிப்பு என்கிறாய். எனக்கு உடனே எங்கட மாட்டுக்கொட்டிலோடு ஒட்டியிருந்த கோழிக்கூடுதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் கோழிப்பேன் என்கிற இந்தச் சிற்றுண்ணி பகலில் உடம்பில் தங்காது. பலகை இடுக்கிலும் ஆணித் துவாரத்திலும் ஒளிந்திருக்கும். இருட்டினதும் வந்து இரத்தம் குடித்துவிட்டு விடியமுன் திரும்பிவிடும். ஒரு மில்லிமீற்றர்கூட வராது. பசியில் சாம்பல் நிறம், குடித்தால் சிவப்பு. அதனால் பகலில் குதிரையைத் தடவிப் பார்த்துப் பயனில்லை. நன்றாக இருட்டின பிறகு ரோச் லைற்றும் வெள்ளைத் துணியும் கொண்டுபோய்ச் சுவர்ப் பலகையை அழுத்தித் துடைத்துப் பார். துணியில் சிவப்புக் கோடு இழுபட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

உரஞ்சல் ஆடிக் கடைசியில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறாய். கூரை வளையில் கூடு கட்டுகிற தகைவிலான் குருவியின் குஞ்சுகள் பறந்துபோனதும் அதற்குச் சற்று முன்னர்தான் என்கிறாய். முழு விளக்கமும் அதற்குள் இருக்கிறது. கூட்டில் குஞ்சு இருக்கும்வரை பேனுக்கு அங்கேயே சாப்பாடு. குஞ்சு பறந்த பிறகுதான் பசியோடு கூரை வளையிலிருந்து கீழே இறங்கும், கீழே நிற்பது உன்ர குதிரை. ஆகவே கரைச்சல் தருவது குருவி இருக்கிற கூடு அல்ல மச்சான், குருவி விட்டுப்போன கூடு. குஞ்சு இருக்கிற கூட்டைத் தட்டினால் அத்தனை பேனையும் நீயே குதிரையின் முதுகில் கொட்டினதாகும். பாவமும் கூட.

சட்டமும் இருக்கிறது. கனடாவின் 1994ஆம் ஆண்டுப் புலம்பெயர் பறவைகள் சட்டத்தின்படி முட்டையோ குஞ்சோ உள்ள தகைவிலான் கூட்டில் கைவைக்க முடியாது. ஊர்க்குருவி, மைனா இனத்து ஸ்டார்லிங், மாடப்புறா மூன்றுக்கும் அந்தச் சட்டத்தில் காப்பு இல்லை. இரண்டாம் முறை குஞ்சு பொரிக்கத் தகைவிலான் சிலவேளை அதே கூட்டில் மறுபடி முட்டையிடும், அதனால் ஏணி வைத்து ஏறி உள்ளே பார்க்காமல் தொடாதே. வெறுங்கூடு என்றாலும் உன்ர மாகாணத்து வனவிலங்குக் கந்தோரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடு. எடுத்ததைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி அன்றைக்கே அப்புறப்படுத்து. கொட்டில் மூலையில் வைத்தால் எடுத்தும் எடுக்காததுதான்.

தகைவிலானை முற்றாக விரட்ட உன்ர முதலாளி நினைத்தால் நீ தடுத்துப் பார். குதிரையை அரிக்கிற ஈயையும் நுளம்பையும் பறந்து பிடித்துத் தின்கிற பறவை அது. அடுத்த வசந்தத்துக்கு முன்பே குதிரை நிற்கிற இடத்துக்கு நேர் மேலே வளைக்குக் கீழால் வலை கட்டிவிட்டால், நடைபாதைப் பக்கம் போய்க் கூடு கட்டும். ஊர்க்குருவியும் நுழையாமல் இருக்க வலைக்கண் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. புறாவோடு மட்டும் எனக்கு இரக்கமில்லை. தீவனத் தொட்டியிலும் தண்ணீரிலும் எச்சம் போட்டுச் சல்மனெல்லாக் கிருமியைக் கொண்டுவரும். அந்த எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதே. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு வழித்தெடு. தூசி நெஞ்சுக்குள் போனால் சுவாசப்பை நோய் வரும்.

குதிரைக்கு மருந்து பூசினால் மட்டும் தீராது, சுவரில் இருப்பது அடுத்த இரவும் வரும். சூட்டுக் காலத்தில் முட்டையிலிருந்து ஒரு கிழமை, பத்து நாளில் பெரிதாகிவிடும். பசியோடு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் குதிரையை வெளியே விட்டு, பழைய படுக்கையை வாரியெடுத்து, இடுக்கெல்லாம் கழுவிக் காயவிட்டு, ஒரு கிழமை கழித்து மறுபடி செய்ய வேண்டும். பேர்மெத்ரின் பூச்சிமருந்து அடிப்பதென்றால் கொட்டில் பூனையை அப்புறப்படுத்திவிட்டு அடி. அது பூனைக்கு நஞ்சு. நாங்கள் இங்கே செய்தது லேசான வேலை: கோழிக்கூட்டைத் தூர மாற்றினோம், பழைய கிடுகைக் கொளுத்தினோம், தூண் வெடிப்புகளுக்குச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து அடித்தோம். அம்மா அடை வைக்கும்போது கடகத்துக்குள் நொச்சியிலையும் வேப்பிலையும் பரப்பித்தான் முட்டை அடுக்குவா, உனக்கும் நினைவிருக்கும்.

நான் ஏன் குருவிக்காக இவ்வளவு எழுதுகிறேன் தெரியுமா? 2009க்குப் பிறகு வந்து தகரக் கொட்டில் போட்ட காலத்தில் இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அம்மாதான் தாழ்வாரத்தில் முட்டி கட்டித் தொங்கவிட்டா. குருவி வந்து கூடு வைத்த பிறகுதான் வீடு வீடாகியது என்று சாகும்வரை சொல்லுவா. அந்த முட்டிகளை இப்போதும் விட்டு வைத்திருக்கிறேன். குஞ்சு பறந்ததும் இறக்கி, உள்ளே கிடக்கிற வைக்கோலை எரித்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவிட்டுத் திரும்பக் கட்டுகிறேன். பேனும் இல்லை, குருவியும் போகவில்லை.

ஒன்று நீ எழுதவில்லை: குதிரை நிற்கிற சுவருக்கு மறுபக்கம் யாராவது கோழி வளர்க்கிறார்களா? இருந்தால் குருவிக் கூட்டைத் தொடமுன் கோழிக்கூட்டைத்தான் மாற்ற வேண்டும். துணியில் என்ன கண்டாய் என்று தொலைபேசி எடுத்துச் சொல்லு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதென்றால் மாசிக்கு முன்பே அறிவி, காலபோக நெல்லில் உனக்கு ஒரு மூடை ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன்ர பழைய சிநேகிதன்