மெஷினைத் தூக்கிக்கொண்டு வராதே

அன்புள்ள தங்கைக்கு,

வரும்போது வீட்டிலிருக்கும் மோட்டார் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அங்கே நம்மூரில் மின்சாரம் 230 வோல்ட், இங்கே வட அமெரிக்காவில் 120. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அந்த மோட்டார் இங்கே முனகிக்கொண்டு ஓடும், தடித்த துணியில் நின்றே போகும். இங்கே வாங்கியதை நாளைக்கு அங்கே கொண்டுபோய்ச் செருகினாலோ புகைந்துவிடும். அந்தந்த ஊர் மெஷின் அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும்.

மெஷின் தேவையா என்றால், கட்டாயம் தேவை. இங்கே ரெடிமேட் பேன்ட் எல்லாம் நமக்குக் காலுக்குக் கீழே தொங்கும். ஓரம் மடித்து அடித்துத் தர, கூப்பிடு தூரத்தில் தையல்காரர் கிடையாது.

கடையில் 60 தையல், 100 தையல் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா, இந்த மூன்றும் ஒழுங்காக விழுந்தால் போதும். பூவும் இலையுமாகப் போடும் தையல்களை முதல் வாரம் போட்டுப் பார்ப்பாய், பிறகு தொடமாட்டாய். தையல் நீளத்தை 4 மி.மீ. வரையிலும் ஜிக்ஜாக் அகலத்தை 5 மி.மீ. வரையிலும் நீயே திருப்பி வைக்க முடிகிறதா என்று பார். உள்ளே உலோகச் சட்டம் இருந்தால் மெஷின் கனமாக இருக்கும். அந்தக் கனம் இருந்தால்தான் வேகமாக ஓட்டும்போது மேஜையில் துள்ளாது. உள்ளங்கை அளவில் பேட்டரியில் ஓடுகிறதே, அது பொம்மை. பெரும்பாலும் ஒற்றை நூல் சங்கிலித் தையல்தான் போடும். முனையை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பழைய மெஷின் கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம். கைச் சக்கரத்தை உன் பக்கமாகச் சுற்று, எங்கேயும் இடறக்கூடாது. அந்த மெஷினுக்கே உரிய பெடல் கூட இருக்க வேண்டும், அது தொலைந்திருந்தால் விட்டுவிடு. அடுக்குமாடியில் இரவில் தைத்தால் சத்தம் கீழ்வீட்டுக்கு இறங்கும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டுக்கொள்.

இனி முக்கியமான விஷயம். புதிதாகத் தைப்பவர்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பது பெரும்பாலும் நூல் கோத்த கோளாறுதான். துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால் அடி நூல் சுற்றிய பாபினைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் காரணம் மேல் நூல். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு கோத்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போகாது. பிடிமானம் இல்லாத நூல் அடியில் போய்க் குவியும். அதனால் பாதத்தைத் தூக்கு, ஊசியை மேலே கொண்டுவா, பிறகு முதலிலிருந்து கோ. மேலும் கீழும் ஆடும் கொக்கியில் நூல் விழுந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே பாதத்தை இறக்கு. டென்ஷன் பொதுவாக 4-இல் இருக்கட்டும். அதைத் திருகுவது கடைசி வைத்தியம். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள். பாபின் அந்த மெஷினுக்கு என்று சொன்னதே வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உயரம் மாறினால் சிக்கும்.

தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்று. சுமார் 8 மணி நேரம் தைத்தாலே முனை மழுங்கிவிடும். ஊசிப் பெட்டியில் 80/12 என்றிருந்தால் 80 என்பது 0.80 மி.மீ. தடிமன். மெல்லிய துணிக்கு 70, சாதாரணப் பருத்திக்கு 80 அல்லது 90, ஜீன்ஸுக்கு 100. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். கூர் ஊசி இழையைக் குத்தி ஓட்டை போடும். தைக்கும்போது துணியைப் பின்னாலிருந்து இழுக்காதே. அடியிலுள்ள பல்லே நகர்த்திக்கொள்ளும். நீ இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி ஒடியும்.

முதலில் தலையணை உறை தை. 40 செ.மீ. சதுரத் தலையணைக்கு, துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் 42 × 98 செ.மீ. வெட்டு. இரண்டு குறுகிய ஓரங்களையும் முதலில் 1, பிறகு 2 செ.மீ. மடித்து அயர்ன் செய்து அடி. 92 வரும். நல்ல பக்கம் உள்ளே இருக்க, அடித்த ஓரங்கள் இரண்டும் நடுவில் 12 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்து, இரு பக்கமும் 1 செ.மீ. விட்டு 2.5 மி.மீ. தையல் போடு. தொடக்கத்திலும் முடிவிலும் நாலு தையல் ரிவர்ஸ். பிசிறு வராமல் ஓரத்தில் ஜிக்ஜாக். ஜிப்பும் இல்லை, பட்டனும் இல்லை. துவைக்காத துணியில் தைத்தால் முதல் சலவையில் சுருங்கி தலையணை உள்ளே போகாது.

அடுத்தது பேன்ட் ஓரம். ஜீன்ஸில் பக்கத் தையல் மடிப்பின்மேல் ஏறும்போது பாதம் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், தையல் ஒரே இடத்தில் நெருங்கிவிடும். பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றை, மேட்டின் உயரத்துக்கே வைத்தால் பாதம் மட்டமாகும். தையல் நீளம் 3 மி.மீ. வை. அந்த இடத்தில் மட்டும் பெடலை விட்டுக் கைச் சக்கரத்தால் சுற்று.

குளிர்காலத்தில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். மெஷின் விளக்கு மட்டும் போதாது, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவே தெரியாது. மேஜை விளக்கு ஒன்று நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ கொண்டுவர வேண்டியது இன்ச் டேப், தையல் சாக்பீஸ், வீட்டிலுள்ள பெரிய கத்தரிக்கோல். அதில் காகிதம் வெட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல் அம்மாவிடம். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியிலேயே போடு.

அன்புடன்,
அக்கா