கல்யாணம் பண்ணினா சரியாயிடுமா?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கோர்ட்டுக்கு லீவு விட்ட பிறகுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் பனி விழ ஆரம்பித்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் வாடகையை மறுபடி ஏற்றிவிட்டார், அதை எழுதினால் பக்கம் போதாது.

உன் அண்ணன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். “ஆம்பளை, பொம்பளை யார் மேலேயும் எனக்கு அந்த ஆசையே வந்ததில்ல அத்தை, நான் ஏசெக்ஷுவல்” என்று அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணியோ “கல்யாணம் பண்ணினா எல்லாம் சரியாயிடும்” என்று ஜாதகத்தை எடுத்துவிட்டார். நான் அண்ணியிடம் கேட்க நினைப்பது ஒன்றுதான். சரியாகிவிடும் என்றால் எப்படி? கதவைச் சாத்திய பிறகு, யார், என்ன செய்து அவளைச் சரி செய்வார்கள்?

என்னிடம் வந்த, இவளைப் போலவே ஆசை வராத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஆள் யாரென்று தெரியாத அளவுக்கு. நம்ம பக்கத்துக் குடும்பம்தான். மாப்பிள்ளை குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொடுப்பார். ராத்திரி ஆனால்தான் அவளுக்கு வயிற்றைக் கலக்கும். கழுவி வைத்த குக்கரை எடுத்து மறுபடி தேய்ப்பாளாம். நாளைக்கு அரைத்தால் போதும் என்கிற மாவை அன்றைக்கே அரைப்பாளாம். அவர் தூங்கட்டும் என்றுதான். “மாசத்துல அந்த அஞ்சு நாள்தான் மேடம் எனக்கு லீவு” என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் வருஷம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். “பழகப் பழகப் பிடிச்சுடும், உன் நல்லதுக்குத்தான்” என்று பதில் வந்திருக்கிறது. அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். “நான்தான் அதுக்கப்புறம் வேண்டாம்னே சொல்லலையே, அப்ப சம்மதம்னு ஆயிடுமா?” என்று கேட்டாள்.

ஆகாது என்றுதான் நான் சொன்னேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, பார். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் கணவனுக்கு இருந்த விதிவிலக்கைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மனைவிக்குப் பதினெட்டு நிரம்பிவிட்டால் கணவன் செய்வது பாலியல் வல்லுறவு ஆகாது. அதே சமயம், நியாயமான காரணமில்லாமல் நெடுநாள் உறவுக்கு மறுப்பது மனரீதியான கொடுமை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை வைத்து விவாகரத்து வாங்கலாம். அவள் கணவர் மனு போட்டதும் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான். மறுத்தவள் குற்றவாளிக் கூண்டில், மீறியவர் புகார்தாரர். 2022 மார்ச்சில் எங்கள் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு கணவர் மேலிருந்த வல்லுறவு வழக்கை ரத்து செய்ய மறுத்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நடுவில் மே மாதம், இந்த விதிவிலக்கு செல்லுமா என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது 2005 குடும்ப வன்முறைச் சட்டம். அதில் பாலியல் கொடுமையும் வன்முறைதான், மனைவிக்கும் பொருந்தும். சிவில் நிவாரணம்தான், ஆனாலும் தனியாக இருக்க ஒரு வழி கிடைத்தது.

பையன்களுக்கு இதுகூட இல்லை. “ஒரு தடவை நடந்தா மாறிடுவே” என்று சிநேகிதியே வற்புறுத்தி நாசமாக்கிய ஒரு ஐ.டி. பையன் வந்தான். 63ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்க முடியும். அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, நல்ல மனநல கவுன்சிலர் ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

கவுன்சிலர் என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “சின்ன வயசுல யாராவது ஏதாவது பண்ணிட்டாங்களா?” இல்லை என்றால், அப்படியானால் உனக்கு ஒன்றுமில்லை, சும்மா சொல்கிறாய் என்பார்கள். ஆமாம் என்றால், அதனால்தான் இப்படி ஆகிவிட்டாய், வைத்தியம் பார்க்கலாம் என்பார்கள். இந்தப் பெண்ணிடமும் அப்படித்தான் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆசை இல்லாமல் இருப்பதற்குக் காரணம் தேடுவார்கள். அதைத் தெரிந்துகொண்டே தொட்டவனிடம் காரணம் கேட்க மாட்டார்கள்.

உன் அண்ணன் மகளை ஹார்மோன் டெஸ்டுக்கு அழைத்துப் போனதாக எழுதியிருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் “மாத்திக் காட்டுறேன்” என்கிற டாக்டர் யாராவது வந்தால் அண்ணியிடம் இதைச் சொல். ஒருவரையொருவர் விரும்பி உங்கள் மதுரையிலிருந்து ஓடிப்போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில்தான், 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலியல் நாட்டத்தை மாற்றுகிறேன் என்கிற அந்த மாதிரி ‘சிகிச்சை’களுக்குத் தடை விதித்தார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. தன்னை ஏசெக்ஷுவல் என்று அடையாளம் காண்பவருக்குப் பாலியல் நாட்டமின்மைக் கோளாறு என்று பெயர் வைக்கக் கூடாது என 2013இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறிவிட்டது.

அவள் கல்யாணமே வேண்டாம் என்கிறாளா என்றும் கேட்டுப் பார். துணை வேண்டும், தோளில் சாய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் பேசி, மனமொத்து உறவு வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் அவள் வாயால் வரட்டும். வருகிற பையனிடம் மறைத்து மட்டும் முடித்துவிடாதீர்கள், அது அவனுக்கும் செய்கிற துரோகம்.

அண்ணி நான் சொன்னால் கேட்பார், என் மேல் ஒரு மரியாதை உண்டு (ஒரு காலத்தில் அவருக்குக் கணக்குப் பாடம் நான்தானே சொல்லிக் கொடுத்தேன்!). ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டுக் கொடு, பேசுகிறேன். முடிந்தால் அதற்கு முன்னால் அந்தப் பெண் தனியாக என்னைக் கூப்பிடட்டும். அவள் என்ன சொல்லச் சொல்கிறாளோ அதை மட்டும்தான் அண்ணியிடம் சொல்வேன்.

உன்
வசந்தி