மறுவாசிப்பு செல்லாதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் புத்தாண்டு இதழில் வந்த வாசிப்பு இலக்குக் கட்டுரையைப் படித்தேன். வாரத்துக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 52 புத்தகங்கள் படித்தே தீர வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். படிக்கட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு சட்டமும் போட்டிருக்கிறார். முன்பே படித்த நூலை மறுபடி படித்தால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம்; அது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாம். அந்த வரியோடு இதழை மூடிவைத்தவன்தான், துணுக்குகளைக்கூடப் பார்க்கவில்லை.

நானும் ஆண்டுதோறும் இலக்கு வைத்துக்கொள்கிறவன். அதில் எண் கிடையாது, இரண்டு பெயர்கள் மட்டும் இருக்கும். பழையவர்களில் ஒருவர், எனக்குப் பிடித்தவர்களில் ஒருவர். அவர்கள் எழுதியவற்றில் கைக்குக் கிடைப்பதையெல்லாம், இயன்றவரை எழுதிய வரிசையிலேயே அந்த ஆண்டில் படிப்பேன். முன்பே படிக்காத ஒருவரை எனக்கு எப்படிப் பிடித்திருக்கும்? ஆகவே தங்கள் கட்டுரையாளரின் சட்டப்படி என் ஒவ்வொரு ஆண்டிலும் பாதி செல்லாது.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலை முதலில் படித்தபோது கல்லூரி வயது. யமுனா எப்போது வருவாள் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ரங்கண்ணா வரும் இடங்களெல்லாம் வழியை மறிப்பதாகத் தோன்றின. ஜானகிராமனுக்கென்று ஓர் ஆண்டை ஒதுக்கிப் படித்தபோது, பாபு ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்கும் பகுதிகளை விட்டு நகர மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும் என்ற கெடு இருந்திருந்தால் அங்கே நின்றிருப்பேனா? பி. ஆர். ராஜமையர் 1898இல், 26 வயதிலேயே காலமானவர். தமிழில் அவர் எழுதிய நாவல் 'கமலாம்பாள் சரித்திரம்' ஒன்றுதான். அவரை எடுத்துக்கொண்ட ஆண்டில் ஜனவரிக்குள்ளேயே நாவல் முடிந்துவிட்டது. மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். வேறு என்ன செய்வது? அடுத்த நாவலை எழுதித் தாருங்கள் என்று அவருக்கு அஞ்சலட்டை போடவா?

கணக்கு என்று வந்துவிட்டதால் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள். அது ஒரு புத்தகமா, ஐந்தா? 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து அதைத் தொடராகப் படித்தவர்களுக்கு எத்தனை மதிப்பெண்? பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தொடர்கதையின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' (தமிழில் டி. எஸ். சொக்கலிங்கம், தங்கள் இதழ் மொழிபெயர்ப்பாளர் பெயரையெல்லாம் எழுதுவதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்) மூலத்தில் 361 அத்தியாயங்கள் கொண்டது. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று ஆண்டு முழுக்க அதையே படிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். டிசம்பரில் அவர்கள் கணக்கில் நிற்பது ஒன்று. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால் 401 பாடல்கள், பெரும்பாலும் எட்டு அடிக்குள் முடிபவை. நாளுக்கு ஒரு பாட்டு, அதன் உரை, மறுபடி பாட்டு என்று போனால் ஆண்டு முடிந்த பிறகும் மிச்சமிருக்கும். அந்த வாசகருக்குப் பூஜ்யம் போடுவாரா?

1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று உ. வே. சாமிநாதையரிடம் கேட்டார். ஐயரின் பதிப்பு 1887இல் வெளிவந்தது. ஏழு ஆண்டுகள், ஒரு நூல். தங்கள் கணக்கில் ஐயர் 363 புத்தகங்கள் பின்தங்கிவிட்டார். அந்த ஒன்றை விளங்கிக்கொள்ள அவர் புரட்டிய ஏடுகளையும், சமணர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்ததையும் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்பதைக் கட்டுரையாளரே சொல்லட்டும்.

இந்த 52 படுத்தும் பாட்டை நான் என் குடும்பத்திலேயே பார்த்தவன். என் தங்கை மகள் நல்ல வாசகி. சென்ற ஆண்டு இதேபோல இலக்கு வைத்துக்கொண்டாள். தஸ்தயேவ்ஸ்கியின் பெரிய நாவலான 'கரமாஸவ் சகோதரர்க'ளில் பாதி வந்திருந்தாள். கணக்கு இடிக்கிறது என்று அதை மூடிவைத்துவிட்டு, நவம்பருக்கு மேல் நூறு பக்கத்துக்குள் அடங்குகிற புத்தகங்களாகத் தேடித் தேடிப் படித்து 52ஐ எட்டிவிட்டாள். எல்லாரும் பாராட்டினார்கள். அந்த ஐம்பத்திரண்டில் எது பிடித்தது என்று கேட்டேன். முடிக்காத அந்த நாவலைத்தான் சொன்னாள்.

தங்களிடம் எனக்கு வேறு வருத்தங்களும் உண்டு. எழுத உட்கார்ந்தாயிற்று, சொல்லிவிடுகிறேன். காவியங்களை அரைப் பக்கத்தில் பிழிந்து தரும் பகுதியைத் தொடங்கினீர்கள். கதைச் சுருக்கத்தைத் தெரிந்துகொண்டவர்களெல்லாம் இப்போது மணிமேகலையைப் படித்துவிட்டதாகச் சொல்லித் திரிகிறார்கள். பழைய சிறுகதைகளை மறுபிரசுரம் செய்கிறீர்கள், எந்த ஆண்டில் வந்தவை என்று போடுவதில்லை. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்துவிட்டார் என்பதை அறியாத இளைஞர் ஒருவர், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னிடமே கேட்டார். இதைப் பற்றியெல்லாம் முன்பு விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். அதில் அட்டைப்படத்தைப் பாராட்டியிருந்த ஒற்றை வரியை மட்டும் எடுத்து அழகாக வெளியிட்டிருந்தீர்கள். மிக்க நன்றி.

தங்களுக்கிருக்கும் வேலைப் பளுவில் பெரிதாக எதையும் கேட்கப் போவதில்லை. இனி எந்தப் புத்தகப் பட்டியல் போட்டாலும் ஒவ்வொரு பெயருக்கும் கீழே முதலில் வெளியான ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர், பக்க எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். எந்த எழுத்தாளருக்கு எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் திட்டமிட உதவும். மறுவாசிப்பைப் பற்றிய அந்த வரிக்கு மறுப்பு வெளியிடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்துக்கு இடமில்லையென்றால் தயவுசெய்து சுருக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இதழின் அட்டைப்படத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்