மார்க்கர் பேனாவை அவளிடமிருந்து வாங்கிவிடுங்கள்

சிங்கப்பூரில் இளையர் தலைமைத்துவ முகாம் நடத்தும் தமிழ் அமைப்புகள், சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள், பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் நெருங்கினாலே உங்கள் முகாம் சுவரொட்டிகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். மூன்று பகல், இரண்டு இரவு, ஒரு டி-சட்டை, ஒரு சான்றிதழ். போன முகாமுக்கு வந்த பெண்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேர் இன்று உங்கள் அமைப்பில் தலைவராகவோ பொருளாளராகவோ இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு, நிகழ்ச்சி வாசலில் பன்னீர்ச் சொம்போடும் கற்கண்டுத் தட்டோடும் நிற்பவர்களை எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கை பெரிதாக இருந்தால், குறை அந்தப் பெண்களிடம் இல்லை. முகாமில் அவர்கள் கையில் எந்த வேலை போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

முதல் குழு நடவடிக்கையின் முதல் பத்து நிமிடத்தைக் கவனித்தாலே போதும். எட்டுப் பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் மாஜோங் தாள் எனப்படும் பெரிய வெள்ளைத் தாள் விரிந்திருக்கும். ஒரு பையன் மார்க்கர் பேனாவை எடுத்து, “உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ எழுது” என்று பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் நீட்டுவான். பாராட்டுபோல இருப்பதால் அவளுக்கு மறுக்கத் தோன்றாது. குனிந்து எழுத ஆரம்பிப்பாள். அவள் முதல் யோசனையை எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்றாவதற்குப் போயிருப்பார்கள். எழுதுகிறவளால் குறுக்கே பேச முடியாது. பேசினால் எழுத்து நின்றுவிடும். நாற்பது நிமிடம் கழித்து அதே தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுபவன் வேறொருவன். அவளுக்குக் கிடைப்பது, “எழுத்து அழகா இருக்கு” என்ற ஒரு வரி. இதே காட்சி மூன்று நாளில் ஆறு முறை நடந்தால், அவள் கற்றுக்கொண்டு போவது தலைமைத்துவம் அல்ல, கூட்டக் குறிப்பு எடுப்பது.

இதை அறிவுரையால் மாற்ற முடியாது, அட்டையால் மாற்றலாம். குழுவுக்கு எட்டு அட்டைகள் செய்யுங்கள்: தலைவர், பணம், நேரம், எழுத்து, பேச்சாளர், பொருள்கள், பாதுகாப்பு, “ஏன்?” என்று கேட்பவர். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் அட்டைகள் ஓர் இடம் நகர வேண்டும். கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள். எட்டுப் பேர், ஆறு நடவடிக்கை என்றால் இருவருக்குத் தலைமை கிட்டாது. அந்த இருவர் யாராக இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நீண்ட நடவடிக்கைகள் இரண்டைப் பாதியில் நிறுத்தி, தலைவரை மாற்றி, மீண்டும் தொடர்ந்தால் எட்டு வாய்ப்பு கிடைக்கும். பாதியில் பொறுப்பேற்பது கூடுதல் பயிற்சியும்கூட. உண்மையான அமைப்புகளில் யாருக்கும் வேலை தொடக்கத்திலிருந்து கிடைப்பதில்லை.

அட்டைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடாதீர்கள். “அவனுக்குத் தெரியும், அவனே பாத்துக்கட்டும்” என்று சொல்லிப் பண அட்டையை ஒரு பெண் தானாகவே கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும். பல்கலைக்கழக முகாம்களில் இது இன்னும் அதிகம். காரணம் வெளிப்படை. ஒரே முதலாண்டில் பெண்ணுக்கு வயது பெரும்பாலும் 19. கட்டாயத் தேசியச் சேவை முடித்து வரும் பையனுக்கு 21. இரண்டு ஆண்டு படை முகாமில் வாழ்ந்தவனுக்குக் கூடாரம், வரைபடம், பைகட்டுதல் எல்லாம் தெரியும். அது அவன் தவறல்ல. அவனுக்குத் தெரிந்ததையே போட்டியாக வைப்பது உங்கள் தவறு. பாதி நடவடிக்கைகளாவது இருவருக்கும் புதிதாக இருக்கட்டும்: பேரம், வரவு செலவு, ஒரு புகாரைத் தீர்ப்பது.

பேசாமல் இருப்பவளைப் பார்த்து, “நீயும் ஏதாச்சும் பேசும்மா” என்று சொல்லாதீர்கள். எட்டு முகமும் அவள் பக்கம் திரும்பும். வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அதன்பின் மூச்சே விடமாட்டாள். கலந்துரையாடலுக்கு முன் எல்லாரும் இரண்டு நிமிடம் அவரவர் தாளில் எழுதட்டும். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் ஒன்றைப் படிக்கட்டும். அதற்குப் பிறகே விவாதம். வழிநடத்துநர் ஓரமாக உட்கார்ந்து, பெயர்ப் பட்டியலில் பேசியதற்கு ஒரு கோடும் குறுக்கே வெட்டப்பட்டதற்கு ஒரு பெருக்கல் குறியும் போடட்டும். பதினைந்து நிமிடக் கணக்கு போதும். கடைசியில் அந்தத் தாளைக் குழுவின் நடுவில் வையுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

அடுத்து பணம். எங்கள் அனுபவத்தில் ஒரு பெண்ணை மாற்றுவதில் மேடைப் பேச்சைவிட இதற்கே வலு அதிகம். எட்டுப் பேருக்கு இரவுச் சாப்பாடு, உறையில் 60 வெள்ளி ரொக்கம், இரண்டு மணி நேரம், கடைக்குப் போய்வருவதும் அதற்குள்தான். பண அட்டை வைத்திருப்பவள் கத்தியைத் தொடக்கூடாது என்பது ஒரே விதி. இல்லாவிட்டால் பணத்தைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு வெங்காயத்தோடு உட்கார்ந்துவிடுவாள். எங்கே சொதப்பும் என்பதும் தெரிந்ததுதான். 800 கிராம் அரிசியும் சாம்பாரும் ஒரே கேஸ் அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். கடற்கரைக் காற்றில் தீ சாய்ந்து எட்டு மணிச் சாப்பாடு ஒன்பதரை ஆகும். அடுப்பு இரண்டு வேண்டும், காற்றுக்கு மறைப்பு வேண்டும் என்று கடைக்குக் கிளம்பும்போதே யாராவது யோசித்திருக்க வேண்டும். குழுவில் ஒரு முஸ்லிம் நண்பரும் ஒரு சைவரும் இருந்தால், ஹலால் முத்திரை பார்த்து வாங்கிய கோழியும் தனிக் கரண்டியும் வேண்டும். கரண்டியை மறந்துவிட்டு, சாம்பாரில் கோழிக் கரண்டி விழுந்த பிறகுதான் நினைவு வரும்.

அந்த நேரத்தில் அண்ணன்மார் ஓடிவந்து கூடுதலாகப் பத்து வெள்ளி நீட்டக்கூடாது. தீ, ஒவ்வாமை, காயம் தவிர வேறு எதற்கும் தலையிடாதீர்கள். அன்று இரவு ரொட்டியும் நெத்திலி சம்பலும் சாப்பிட்டால் குடிமுழுகிவிடாது. ரசீதையும் மிச்சச் சில்லறையையும் வைத்துக்கொண்டு, எங்கே பணம் போனது என்று குழுவுக்கு அவள் சொல்லும் அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு வரும் நிதானம், பத்து ஊக்கமூட்டும் பேச்சாளர்களாலும் வராது. கருத்துச் சொல்லும்போது, “நல்லா பண்ணே” என்று முடிக்காதீர்கள். “அடுப்பு ஒன்றுதான் என்று தெரிந்ததும் சாம்பாரை விட்டுவிட்டு முட்டைக்கு மாறினாய், மாறுவதற்கு முன் சைவ நண்பரிடம் கேட்டாய்” என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். முகாமுக்கு உணவு அனுப்பும் கடைக்குப் போன் செய்து, 40 பொட்டலத்தை 36 ஆக்கச் சொல்லும் வேலையை ஓர் உயர்நிலை நான்கு மாணவியிடம் கொடுங்கள். குறுஞ்செய்தி கூடாது, பேச வேண்டும். மறுமுனையில் இருப்பவர் முணுமுணுப்பார். ஆனால் அது விளையாட்டல்ல, உண்மையான மறுமுனை.

இதெல்லாம் அவள் முகாமுக்கு வந்தால்தானே? பெண்பிள்ளையை வெளியே தங்க அனுப்பப் பெற்றோர் தயங்குவதைப் பழமைவாதம் என்று ஒதுக்காதீர்கள். அவர்கள் கேட்பது தகவல். பிள்ளை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் தூங்குகிறாள், அந்த மாடியில் தங்கும் பெண் பொறுப்பாளர் யார், அவருடைய கைப்பேசி எண், இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் பேசலாம் என்ற ஐந்தையும் சுற்றறிக்கையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் முக்கால் மணி நேரப் பெற்றோர் சந்திப்பு வையுங்கள். கடைசி வாரத்தில் சுவரொட்டி அனுப்பினால், ஏற்கெனவே மேடை ஏறிப் பழகிய பிள்ளைகள்தான் வருவார்கள். அப்படியும் இரவு தங்க அனுமதி கிடைக்காதவர்கள் இருப்பார்கள். ஒன்பது மணிக்கு வீடு திரும்பிக் காலை ஏழரைக்கு வரட்டும். முக்கிய முடிவு எதையும் ஒன்பதுக்கு மேல் எடுக்காதீர்கள். குழுப் பெயரிலிருந்து இறுதி நாடகம்வரை நள்ளிரவில் முடிவானால், காலையில் வருகிறவள் விருந்தாளியாகிவிடுவாள்.

பெண்கள் முகாம் போவது நமக்கொன்றும் புதிதல்ல. 1943 அக்டோபர் 22ஆம் தேதி இங்கே வாட்டர்லூ ஸ்திரீட்டில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அங்கே அணிவகுத்தார்கள், துப்பாக்கி பிடித்தார்கள். அந்தப் போரைப் பற்றி யார் என்ன நினைத்தாலும், பாட்டிமார் காலத்திலேயே இது நடந்திருக்கிறது.

பெரியவர்கள் கூச்சத்தால் பேசாமல் விடும் ஒரு விஷயம் குளியலறை. 20 பெண்கள், நான்கு குளியல் தடுப்புகள். ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் ஐந்து சுற்று, 40 நிமிடம். உங்கள் அட்டவணையில் இருப்பது 20 நிமிடம். தாமதமாக வந்ததற்கு “பொறுப்பில்லை” என்று குழுவுக்கே தண்டனை. கணக்கு தெரியாதது யாருக்கு? மாதவிடாய்க்கான அணையாடைகளைப் பொருள்கள் பொறுப்பாளரான பையனின் பெட்டியில் வைக்காமல், பெண்கள் கழிவறையில் ஒரு திறந்த கூடையில் வையுங்கள், மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கட்டும். நீர் நடவடிக்கைக்குச் சமமான வேறொரு பொறுப்பைத் தயாராக வைத்து, காரணம் கேட்காமல் கொடுங்கள்.

இரண்டாம் இரவு விளக்கை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பின்னணியில் இசை போட்டு, அம்மா அப்பாவைப் பற்றிப் பேசி எல்லாரையும் அழவைக்கும் அந்த நிகழ்ச்சியை விட்டுவிடும்படி கேட்கிறோம். தூக்கம் கெட்ட பிள்ளைகள் எதற்கும் அழுவார்கள். அந்த ஒரு மணி இருட்டில், வீட்டில் நடக்கும் கொடுமையை ஒரு பதினாறு வயதுப் பெண் சொல்லிவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் இருபது வயது வழிநடத்துநர் என்ன செய்வார்? “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பார். அதுதான் தவறு. அப்படி வாக்குத் தரக்கூடாது; துருவிக் கேட்கக்கூடாது; அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றிரவே முகாமின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, மனவேதனைக்கு எஸ்ஓஎஸ் தொண்டு அமைப்பின் எண் 1767. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. வழிநடத்துநரின் கழுத்து அட்டைக்குப் பின்னால் அச்சடித்துவிடுங்கள்.

வெயில், மின்னல் பற்றி உங்களுக்குத் தெரியும். வெப்பத்தோடு ஈரப்பதம், காற்று, வெயிலையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பக் குறியீடு 33 டிகிரியைத் தொட்டால் அது உயர் நிலை, ஓட்டம் வேண்டாம். பதிவுப் படிவத்தில் இன்னும் அடையாள அட்டை எண்ணைக் கேட்பவர்கள், 2019 செப்டம்பர் 1 முதல் விதிகள் கடுமையாகிவிட்டதை நினைவில் கொள்ளுங்கள்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் ஆங்கிலம் பேசும் பெண் தமிழில் ஒரு கருத்தைச் சொல்ல முயலும்போது லகரம் ளகரத்தைத் திருத்தினால், அடுத்த வாக்கியம் ஆங்கிலத்தில் வரும். அதற்கடுத்த வாக்கியம் வராது. திருத்துவதை விட்டுவிட்டு அவளுக்குக் கூட்டத் தமிழைக் கொடுங்கள்: முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன், இதில் எனக்கு உடன்பாடில்லை, இந்தச் செலவுக்கு யார் ஒப்புதல் தந்தது, குறிப்பில் பதிவு செய்யுங்கள். ஒரு பக்கத்தில் இருபது தொடர். கடைசி நாள் மாதிரி ஆண்டுக் கூட்டம் நடத்தி, அவற்றை வைத்து உங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவரையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பெரியவரிடம் “உடன்பாடில்லை” என்று மரியாதை குறையாமல் சொல்லத் தெரிந்தவளை அதன்பின் ஓரத்தில் உட்காரவைப்பது கடினம். சில தலைவர்களுக்கு அது பிடிக்காமலும் போகலாம்.

சான்றிதழ் கொடுத்த பிறகு வாட்ஸ்அப் குழு இரண்டு வாரம் கலகலக்கும், பிறகு பிறந்தநாள் வாழ்த்தோடு அடங்கும். எனவே முகாமின் கடைசி மதியமே ஒவ்வொருவர் கையிலும் 90 நாள் பொறுப்பு ஒன்று இருக்க வேண்டும். 300 வெள்ளி வரவு செலவு, ஒரு தேதி, கையெழுத்திடும் உரிமை. முதியோருக்குக் கைப்பேசி சொல்லித் தரும் ஒரு சனிக்கிழமை, ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி ஒரு சிறு நிகழ்ச்சி, எதுவானாலும் சரி. 30ஆம் நாளும் 60ஆம் நாளும் ஒரு மூத்தவர் அவளோடு அரை மணி நேரம் உட்கார வேண்டும். பெரும்பாலும் வேலை நின்றுபோவது 30க்கும் 60க்கும் இடையில்தான், தேர்வோ இட முன்பதிவோ முட்டும் இடத்தில். அதை முடித்தவர்களுக்குச் செயற்குழுவில் இடம் கொடுங்கள். செயலாளர் பதவி காலியாக இருக்கிறது என்பதற்காக அவளை அங்கே உட்காரவைக்காதீர்கள். மறுபடியும் மார்க்கர் பேனாதான்.

அடுத்த முகாமுக்கான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இரண்டு வரி சேருங்கள்: 90 நாள் பொறுப்புகள் எவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெள்ளி. அவை நிரம்பும்வரை சுவரொட்டியை வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
முகாம் வழிநடத்துநர்கள் சிலர்
சிங்கப்பூர்