ஆடி என்றால் யூலை

அன்பு மகன்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்தது கைவிட்டுப் போயிருக்காது. ஆறுதலாக வாசி. விளங்காவிட்டால் அம்மாவுக்கு போன் எடு.

போன கிழமை பேத்தியின் பிறந்தநாளன்று சாப்பாட்டு மேசையில் நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. அசைலம், அதுதான் அகதி அடைக்கலம், கேட்டு பிரிட்டனுக்குப் போட்டில் வருகிறவர்களை ஆபிரிக்காவில் இருக்கிற ருவாண்டாவுக்கு அனுப்புகிற திட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேணும், அங்கே ஏற்றினால்தான் கடலில் சாவது நிற்கும் என்றாய். 2021 நவம்பரில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கால்வாயில் ஒரே நாளில் குறைந்தது 27 பேர் செத்ததை மனதில் வைத்துத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். “நீங்கள் வந்தது வேறை அப்பா” என்றும் சொன்னாய். ஆட்கள் இருந்தபடியால் நான் வாய் திறக்கவில்லை.

வேறையில்லை ராசா. நான் வந்த பாஸ்போர்ட்டில் இருந்தது என்னுடைய பெயரில்லை. தலை மாற்றின, அதாவது வேறொருவருடைய படத்தை எடுத்துவிட்டு என் படத்தை ஒட்டின பாஸ்போர்ட். அப்பம்மா தாலிக்கொடியை விற்று, வளவையும் ஈடு வைத்து ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினவ. அசைலம் கேட்பதற்கென்று பிரிட்டன் விசா கொடுப்பதில்லை. மண்ணில் கால் வைத்த பிறகுதான் கேட்கலாம், கால் வைக்கவோ வழி இல்லை. அன்றைக்கு அதற்குக் கள்ளப் பாஸ்போர்ட், இன்றைக்கு ரப்பர் போட்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என்னைக் கொழும்பில் லொட்ஜிலிருந்து பிடித்துக்கொண்டு போனது 1993 ஆடியில். எங்களுக்கு ஆடி என்றால் யூலை. இங்கே இன்டர்வியூவில் மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனுசன், முடிந்ததும் தேத்தண்ணி வாங்கித் தந்தவர். அவருடைய ஊரில் ஆடி ஓகஸ்ட் நடுப்பகுதி வரை போகும். அவர் ஓகஸ்ட் என்று சொல்லிவிட்டார். எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் யூலை என்று இருந்தது. 95இல் ரிஜெக்ட் கடிதம் வந்தது: பிடிபட்ட மாதத்தையே மாற்றிச் சொல்கிறவரை நம்ப முடியாதாம். முதுகுத் தழும்பைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்பீல் விசாரணையன்று என் சொலிசிட்டர் ஒரு தமிழ்க் கலண்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. பலசரக்குக் கடையில் சும்மா கொடுக்கிற, முருகன் படம் போட்ட கலண்டர். விசாரித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். ஐந்து நிமிசம் பிடித்திருக்காது. அந்த ஐந்து நிமிசத்துக்காகத்தான் இரண்டு வருசம் பெற்றோல் ஷெட்டில் நைட் வேலை செய்துகொண்டு, ஒவ்வொரு காலையும் தபால் பெட்டியைப் பார்க்கப் பயந்து இருந்தேன்.

அந்த அப்பீலும் எனக்கு முன்னால் வந்த பெடியள் பட்ட பாட்டில் கிடைத்தது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் எங்கடை ஆட்கள் ஐம்பதுக்கு மேல், திருப்பி அனுப்பப் பிளேனில் ஏற்றப் பார்த்தபோது, அந்தக் குளிரில் ஓடுபாதையில் உள்ளுடுப்போடு நின்றார்கள். அதே வருசம் ஹாரிச் துறைமுகத்தில் ஒரு பழைய பயணிகள் கப்பலில் பலரை அடைத்து வைத்தார்கள்; ஒக்டோபர் புயலில் அது கட்டறுந்து கரை தட்டியது. 1988இல் ஐந்து பேரைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அவர்களைப் போன்றவர்கள் அனுப்பப்பட்ட பிறகுதான் அப்பீல் செய்யலாம். அடுத்த வருசம் அப்பீலில், அவர்கள் பயந்தது சரிதான் என்று தீர்ப்பு வந்து, திரும்பவும் இங்கே எடுத்தார்கள். அனுப்ப முன்னமே அப்பீல் கேட்கிற உரிமையைத் தந்த சட்டம் 1993இல் வந்தது. நான் வந்து இறங்கியதும் அந்த வருசம்தான்.

இப்போது ருவாண்டாவைப் பார். 2022 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் ஜோன்சனின் அரசு அறிவித்த அந்த ஒப்பந்தத்தின்படி, அனுப்பப்படுகிறவரின் கேஸை இங்கே கேட்பதேயில்லை. நாலாயிரம் மைலுக்கு அப்பால், ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கேட்பார்கள். அகதிதான் என்று ஏற்றுக்கொண்டாலும் அங்கேதான் இருக்க வேணும். “உண்மையான அகதிக்கு அங்கேயும் கிடைக்குந்தானே” என்று நீ கேட்டாய். உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னது அதற்குத்தான் பதில்: அங்கே கேஸ்கள் சரியாக விசாரிக்கப்படாமல், தப்பி வந்த நாட்டுக்கே ஆட்கள் திருப்பி அனுப்பப்படுகிற உண்மையான ஆபத்து இருக்கிறது. 2020 தொடக்கம் 2022 வரை ஆப்கானிஸ்தான், சிரியா, யேமன் ஆட்களின் விண்ணப்பங்கள் அங்கே ஒன்றுவிடாமல் நிராகரிக்கப்பட்டதை ஐ.நா. அகதிகள் ஆணையம் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டியது. ருவாண்டாச் சனங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1994 இனப்படுகொலையில் அவர்கள் பட்டதை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். ஆனால் என்னை அங்கே ஏற்றியிருந்தால், ஆடி என்றால் என்ன மாதம் என்று நான் யாரிடம் போய் விளங்கப்படுத்தியிருப்பேன்? யார் கலண்டர் கொண்டுவந்திருப்பா?

தீர்ப்புக்குப் பிறகு அரசு என்ன செய்தது தெரியுமா? ருவாண்டா பாதுகாப்பான நாடு என்று 2024 ஏப்ரலில் ஒரு சட்டமே போட்டது. நீ கணக்காளன், இதையும் பார்: ஏறக்குறைய 700 மில்லியன் பவுண்ட் செலவு. போனது நாலு பேர், அதுவும் தாங்களாக விரும்பிப் போனவர்கள். 2024 யூலையில் புதிய அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

கிகாலிக்கு எங்கடை ஆட்களும் போனார்கள் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். 2021 ஒக்டோபரில் கனடா போக வெளிக்கிட்ட தமிழர்களின் போட் இந்து சமுத்திரத்தில் பழுதாகி, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தியாகோ கார்சியாத் தீவில் கரை சேர்ந்தது. 89 பேர், அதில் 20 பிள்ளைகள். கம்பி வேலிக்குள் கூடாரத்தில், எலிகளோடு. மூன்று வருசத்துக்கு மேல் சிலர் அப்படியே கிடந்தார்கள். உயிரை மாய்க்கப் பார்த்த சிலரை வைத்தியத்துக்கென்று ருவாண்டாவுக்குக் கொண்டுபோனார்கள். 2024 டிசம்பரில்தான் அங்கே எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த மாதமே தீர்ப்பும் வந்தது. அந்தக் கூடாரங்களில் நடக்கப் பழகின பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பேத்தியின் முகம் வருகிறது.

உன்னோடு கோபமில்லை. நான் இதையெல்லாம் உன்னிடம் மறைத்தது என் பிழை. உனக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

ரிஜெக்ட் கடிதத்தையும் அப்பீல் தீர்ப்பையும் போட்டோகொப்பி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தில், கலண்டர் பற்றிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அதை முதலில் வாசி. அம்மா மிளகாய்த்தூள் திரித்து வைத்திருக்கிறா, அடுத்த கிழமை வரும்போது எடுத்துக்கொண்டு போ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்
அப்பா