நொய்யலுக்கு ஒரே கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூருக்குக் கிழக்கே, ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகும் வழியில் தோட்டம் வைத்திருக்கிறேன். என் அப்பா காலத்தில் நொய்யலில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். தை தாண்டினால் வெறும் மணல்தான். இப்போது சித்திரை வெயிலிலும் ஆறு ஓடுகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்து, இந்தக் கோடையிலும் தண்ணீர் இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறார்கள். கிட்டே போனால் நாற்றம் சொல்லிவிடும்.

கோவை குடிப்பது சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் ஆழியாற்றுத் தண்ணீரும். திருப்பூருக்குப் பவானியிலிருந்தும் காவிரியிலிருந்தும் குழாய் வருகிறது. இரண்டு நகரங்களும் வேறு ஆறுகளில் எடுத்துப் புழங்கிவிட்டு, மிச்சத்தைத் தங்கள் ஆற்றில் விடுகின்றன. கோடையில் நாங்கள் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான்.

கோவைக்கு 1994-க்குப் பிறகு இப்போதுதான் புதிய முழுமைத் திட்டம், 2041 வரைக்கும் கணக்கிட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே சாலை என்று முன்கூட்டியே வரைந்து வைப்பது நல்லதுதான். என் கவலை வேறு. ஒவ்வொரு நகரமும் தன் எல்லைக்கோடு வரைக்கும் திட்டம் போடுகிறது; ஆறு அந்தக் கோட்டில் நிற்பதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேருகிற ஆறு இது. மேலே இருப்பவர்கள் போடும் திட்டத்தின் பலனைக் கீழே இருக்கும் நாங்கள்தான் அனுபவிக்கிறோம்.

ஒரத்துப்பாளையம் அணை கதை உங்கள் வாசகர்களில் இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டி முடித்தார்கள். ஊரே திரண்டு போய்ப் பார்த்தோம். சில வருஷத்திலேயே அதில் நின்றது திருப்பூர்ச் சாயத்தண்ணிதான். எங்கள் கிணறு உப்பானது. பிறகு இளநீரே உப்புக் கரித்தது. வெட்டி வாயில் வைத்த என் மகன் துப்பியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவனுக்கு அப்போது ஆறு வயது. மாடு கழனித்தொட்டியில் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கோர்ட்டுக்குப் போகும்படி ஆனது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்றது. அப்படியும் நிற்கவில்லை என்பதால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அந்த மூடலில் சாப்பாட்டுக்குத் தவித்தவர்களையும் எனக்குத் தெரியும். என் தங்கை வீட்டுக்காரர் பட்டறையில்தான் வேலை பார்த்தார். எங்கள் பகுதியில் பனியன் கம்பெனிச் சம்பளம் வராத வீடே குறைவு. ஆகவே நான் தொழிலுக்கு எதிரியாக எழுதவில்லை. பட்டறைக்காரர்கள் பெரும் செலவு செய்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தி, தண்ணீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். கள்ளத்தனமாகத் திறந்து விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றாலும், கண்டிப்பு இருந்தால் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பட்டறைகளுக்கு வைத்த கண்டிப்பை நகரங்களின் சாக்கடைக்கு ஏன் வைக்கவில்லை? சாயம் கண்ணுக்குத் தெரிந்தது, சண்டை போட்டோம். சாக்கடைக்கு அந்த நிறம் இல்லை.

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரைக்கும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள், 2019-லிருந்து நடக்கிறது. அதே வேலையைக் கோவையிலும் திருப்பூரிலும் பெரிய அளவில் செய்தால், பட்டறைகளுக்குக் காவிரியிலிருந்து எடுப்பது குறையும், நொய்யலில் விடுவதும் குறையும். இப்படி ஒரு நகரத்தின் கழிவை இன்னொரு நகரத்தின் தேவையோடு சேர்த்துப் பார்க்கத் தனித்தனித் திட்டங்களில் இடமே இல்லை.

நம் முன்னோர் சேர்த்துத்தான் பார்த்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தொடங்கி, வாய்க்கால் வழியாகக் குளங்கள், ஒரு குளம் நிரம்பினால் உபரி அடுத்த குளத்துக்கு, மிச்சம் ஆற்றுக்கு. உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் இன்று நடைபாதையும் விளக்கும் போட்டுக் கரையை அழகாக்கியிருக்கிறார்கள். மக்கள் மாலையில் குழந்தைகளோடு போகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் குளத்துக்கு உயிர் கரையில் இல்லை, உள்ளே வரும் வாய்க்காலில் இருக்கிறது. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். தலைமுறைகள் காத்திருந்து கிடைத்த தண்ணீர் அது. அவ்வளவு தூரத்திலிருந்து மோட்டார் வைத்து ஏற்றுகிறோம், சொந்த ஆற்றைச் சாக்கடைக்கு விட்டுவிட்டோம்.

நான் கேட்பது பெரிதல்ல. நொய்யல் படுகை முழுவதற்கும் ஒரே திட்டம், அதைப் பார்த்துக்கொள்ள நான்கு மாவட்டமும் சேர்ந்த ஒரே அமைப்பு. எந்த நகரத்தின் முழுமைத் திட்ட வரைபடத்திலும் வாய்க்காலும் உபரிநீர்ப் பாதையும் சர்வே எண்ணோடு வரட்டும். அதற்கெல்லாம் காலம் ஆகும் என்றால், முதலில் ஒன்றைச் செய்யட்டும்: ஆறு ஒரு மாவட்டத்தை விட்டு அடுத்த மாவட்டத்துக்குள் நுழையும் இடத்தில் வாராவாரம் தண்ணீரைச் சோதித்து, உப்பு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பாலத்துக்குப் பக்கத்தில் பலகையில் எழுதி வைக்கட்டும். கோவை விட்டது எவ்வளவு, திருப்பூர் சேர்த்தது எவ்வளவு என்று ஒரத்துப்பாளையத்தில் நிற்கும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
காங்கயம் வட்டம்.